சூளைக்கு உகந்தது மின்சாரமா, எரிவாயுவா?

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் தொடங்க எண்ணி முதல் திரட்டிக்கொண்டு வருகிறவர், மண்ணைப் பற்றியும் அச்சுகளைப் பற்றியும் வேலையாட்களைப் பற்றியும் நாலு பேரிடம் விசாரித்து, நாலு இடம் நேரில் பார்த்து, பேரம் பேசிய பிற்பாடே ஒரு முடிவுக்கு வருவாராயினும், சூளைக்கு எந்த எரிபொருள் என்ற விஷயத்தில் மாத்திரம் பக்கத்துக் கொட்டகைக்காரர் எதை வைத்திருக்கிறாரோ அதையே தாமும் வைத்துவிடச் சம்மதித்துவிடுகிறார். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலை நடுவாக வைத்து வளர்ந்த இந்த ஊருக்கு, நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணும், திருச்சி, விழுப்புரம், சேலம், கடலூர் என்று நாற்புறமும் பிரிந்து செல்லும் ரயில் பாதைகளும், அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும், செராமிக் தொழிற்பேட்டையும் வாய்த்திருப்பதால், இங்கே சூளையேறும் சரக்கு ஒரு தினுசல்ல. ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் ஒரு புறம், கார்த்திகை அகலும் கொலு பொம்மையும் தேநீர்க் கோப்பையும் மறு புறம். ஒரே நெருப்பு இவை அனைத்துக்கும் ஒரே விதமாகப் பொருந்தும் என்று எண்ணுவதற்கு முகாந்திரம் இல்லை.

விறகுச் சூளையை இந்த அத்தியாயத்தில் சேர்க்கவில்லை. புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைப் போன்ற இடங்களில் விறகு நெருப்பு கலையின் ஓர் அங்கமாக விளங்குகிறது. சாம்பல் படிந்து தானே மெருகாகும் அழகை நாடி வாங்குவோரும் உளர். ஆனால் மாதந்தோறும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் சரக்கு அனுப்ப வேண்டிய சிறு தொழிலாளிக்கு அது வேறு உலகம். அவர் முன் இன்று நிற்கும் வழிகள் இரண்டே: மின்சாரம்; அல்லது சிலிண்டரில் வரும் புரொப்பேன்–பியூட்டேன் கலவையாகிய எல்.பி.ஜி. என்னும் எரிவாயு.

நெருப்பு மண்ணுக்குச் செய்வது

எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்னர், சூளைக்குள் என்ன நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். காய்ந்துவிட்டதாகத் தோன்றும் பச்சைச் சரக்கில் ஈரம் மீதியிருக்கிறது. நூறு டிகிரிக்கு உட்பட்ட உஷ்ணத்தில் அதை மெதுவாக வெளியேற்றாவிட்டால், நீராவி உள்ளிருந்து முட்டி, கனத்த அடிப்பாகமுள்ள பொம்மைகள் வெடித்துச் சிதறும். 450-இலிருந்து 600 டிகிரி வரையில், மண்ணோடு இரசாயனமாகப் பிணைந்திருக்கும் நீரும் பிரிந்து போகிறது. அதன் பிறகு அந்த மண் தண்ணீரில் கரையாது. இதற்கிடையே 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் சட்டென்று பருமன் மாறுகிறது. சூடேறும்போதும் ஆறும்போதும் இந்த இடத்தை அவசரமாகக் கடந்தால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் உண்டாகி, கடையில் கை பட்டதும் கோப்பை இரண்டாகும். 700-க்கும் 900-க்கும் நடுவே மண்ணிலுள்ள கரிப்பொருள்கள் எரிந்து தீர வேண்டும். தீராமல், மேலே பூசிய மெருகாகிய கிளேஸ் உருகி மூடிவிட்டால், பின்னால் வெளியேறத் துடிக்கும் வாயு மெருகில் ஊசித் துளைகளை உண்டாக்கும். சாதாரண அகலும் பொம்மையும் 1,000-க்கும் 1,150-க்கும் இடையில் வேக்காடு முடிந்துவிடும். கல்பாண்டம் எனத் தக்க ஸ்டோன்வேர் 1,200-க்கு மேலும், இன்சுலேட்டருக்குரிய உயர்ந்த பீங்கான் 1,250-க்கு மேலும் போயாக வேண்டும்.

இதுவரை சொன்னதில் மின்சாரமும் எரிவாயுவும் சமமே. உஷ்ணத்தின் அளவு ஒன்றாயின், அது எங்கிருந்து வந்தது என்று மண் விசாரிப்பதில்லை. குளிர் தேசங்களில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுவோர், வண்டியின் அறையைச் சூடாக்கப் புரொப்பேன் நல்லதா, மின்சாரம் நல்லதா என்று ஓயாமல் வாதிடுகிறார்களாம். அவர்களுக்கு வேண்டியது கதகதப்பு ஒன்றே ஆதலால், எது கைக்கு எட்டுகிறது, எது மலிவு என்பதோடு அவ்வாதம் முடிந்துவிடுகிறது. பீங்கான்காரருடைய பிரச்சினை அப்படி எளிதில் முடிவதன்று. ஏனெனில் அவருடைய சரக்கு உஷ்ணத்தை மட்டுமல்ல, சூளைக்குள் சூழ்ந்திருக்கும் காற்றையும் குடிக்கிறது.

மின்சூளையில் எதுவும் எரிவதில்லை. கம்பிச் சுருள் தகித்து உஷ்ணத்தை வீசுகிறது. உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றுதான். அதில் பிராணவாயு தாராளம். எரிவாயுச் சூளையிலோ நெருப்பு பிராணவாயுவைத் தின்று வாழ்கிறது. காற்றின் வரத்தைச் சற்றே குறைத்தால், எரிந்து முடியாத வாயுக்கள் மண்ணிலும் கிளேஸிலும் உள்ள உலோக ஆக்ஸைடுகளிலிருந்து பிராணவாயுவைப் பறித்துக்கொள்கின்றன. தொழிலில் இதற்கு ரிடக்‌ஷன் என்று பெயர். இரும்புச் சத்து சிறிதளவே உள்ள வெள்ளை மண்ணும் மின்சூளையில் வெந்தால் இலேசான மஞ்சள் சாயலைக் காட்டும். அதே மண் ரிடக்‌ஷனில் வெந்தால் நீலம் கலந்த வெண்மை பெறும். சீனத்துப் பச்சையாகிய செலடான் மெருகும், தாமிரத்தால் வரும் இரத்தச் சிவப்பும் ரிடக்‌ஷன் இல்லாமல் கிட்டுவது அரிது. மாறாக, பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாகக் கடைகளில் விற்கும் அகல்களின் வர்ணங்களில் பல, பிராணவாயு குறைந்தால் மங்கிச் சீரழியும். ஆகவே எந்த எரிபொருள் என்ற கேள்விக்கு முன்னால், எந்த நிறத்துச் சரக்கை விற்கப் போகிறோம் என்ற கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும். அந்தப் பதில் தெளிவாகுமானால் பாதி நிர்ணயம் முடிந்தது.

மின்சூளை

மின்சூளையின் உயிர்நிலை அதன் கம்பிச் சுருள். நிக்ரோம் கம்பி 1,100 டிகிரிக்கு மேல் நெடுநாள் தாங்காது. ஆகையால் கான்தால் எனப்படும் இரும்பு–குரோமியம்–அலுமினியக் கலவையே இத்தொழிலில் பெருவழக்காக இருக்கிறது. இது ஸ்வீடனில் 1931-ஆம் வருஷத்தையொட்டிக் கண்டுபிடிக்கப்பட்டது. இதன் உயர்ந்த தரம் 1,400 டிகிரி வரை தாங்குமெனினும், கம்பி எப்பொழுதும் சூளையைவிடச் சூடாகவே இருக்குமாதலால், சூளையின் உஷ்ணம் 1,300-ஐ எட்டுவதோடு நிறுத்திக்கொள்வது விவேகம். இந்தக் கம்பிக்குக் கவசம், அதன்மேல் தானாகவே படியும் மெல்லிய அலுமினிய ஆக்ஸைடுப் படலம். புதிய சுருளை மாட்டியதும் சரக்கு ஒன்றும் வைக்காமல், காற்றுத் துளைகளைத் திறந்துவிட்டு 1,050 டிகிரி வரை ஏற்றிச் சில மணி நேரம் நிறுத்த வேண்டும் என்பது இந்தப் படலம் கெட்டியாகப் படியும்பொருட்டே. அந்த முதல் வெறுஞ்சூட்டை வீண் செலவென்று கருதித் தவிர்ப்பவர், சுருளின் ஆயுளைத் தாமே அறுத்துக்கொள்கிறார். மின்சூளைக்குள் கரித்துண்டையோ கற்பூரத்தையோ போட்டு ரிடக்‌ஷன் செய்ய முயல்வதும் இதே காரணத்தால் தகாது. படலம் அழிந்து கம்பி அரிக்கப்படும்.

ஒரு தடவை தகித்த கம்பி, ஆறிய பிறகு எளிதில் ஒடியும் சுபாவத்தை அடைகிறது. ஆதலால் அடுக்கும்போது பலகையின் முனை பட்டாலும் போதும், நஷ்டம் நேரும். வழிந்த கிளேஸ் சுருளின்மேல் விழுந்தால் அந்த இடம் உருகி அறுந்துபோகும். கம்பி முதுமை அடைய அடைய அதன் தடை உயர்ந்து, வேக்காட்டு நேரம் நீளும். முன்பு எட்டு மணி நேரத்தில் ஏறிய உஷ்ணத்துக்குப் பத்து மணி ஆகிறதென்றால், மின்வாரியத்தைக் குறை சொல்லும் முன்பு சுருளைச் சோதிக்க வேண்டும்.

மின்வாரியத்தின் மேலும் சில சமயம் குறை உண்டு. சூளை எடுத்துக்கொள்ளும் மின்சக்தி, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்கென்று அமைத்த சுருளுக்கு 200 வோல்ட்டே வருமானால், குறைவது எட்டில் ஒரு பங்கென்று தோன்றினாலும், உண்மையில் சக்தி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். பம்புசெட்டுகள் ஓடும் பகற்பொழுதிலும், விளக்குகள் எரியும் மாலையிலும் அழுத்தம் தாழும் பகுதியில் இருப்பவர், இரவு பத்து மணிக்கு மேல் உச்ச உஷ்ணத்துக்குப் போகும்படியாகச் சூளையை ஏற்றுவது நலம்.

அடுத்தபடியாக மின்பளு. தமிழ்நாட்டுக் கட்டண விதிகளில் 12 கிலோவாட்டுக்கு மிகாத குடிசைத் தொழில், குறுந்தொழில் இணைப்புகளுக்குச் சலுகையான தனிப் பிரிவு இருக்கிறது. மும்முனை மின்சாரத்தில் 12 கிலோவாட் என்பது ஒரு முனைக்கு ஏறத்தாழ 17 ஆம்பியர். இதைக்கொண்டு ஸ்டோன்வேர் உஷ்ணம் வரை எட்டக்கூடிய, சுமார் 200 லிட்டர் கொள்ளளவுள்ள சூளையை நடத்தலாம். ஆனால் மண் அரைக்கும் பால் மில், பிசையும் பக் மில், வனையும் ஜிக்கர் முதலியவற்றின் மோட்டார்களும் அதே இணைப்பில் அடங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பகலில் மோட்டார், இரவில் சூளை என்று நேரத்தைப் பகிர்ந்துகொண்டாலும், இணைத்த பளு என்று எழுதும்போது எல்லாம் கூட்டித்தான் கணக்காகும். விண்ணப்பிக்கும் முன்பே இதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்க. பக்கத்திலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து இத்தனை மின்சாரம் உற்பத்தியாகிறதே, நமக்கு அது குறைந்த விலையில் கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அருகில் இருப்பதால் ஒரு காசும் குறையாது. கம்பத்தில் ஏறிய மின்சாரத்துக்கு மாநிலம் முழுவதும் ஒரே கட்டணந்தான்.

இந்த ஊர்ச் சரக்குக்கு மின்சூளை செய்யும் தலையாய உபகாரம் மழைக்காலத்தில்தான் தெரியவரும். கார்த்திகை தீபத்துக்கான அகல் தயாராக வேண்டியது ஐப்பசியிலும் அதற்கு முன்பும். அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில், காற்றிலேயே ஈரம் ததும்பும்போது, பச்சைச் சரக்கு காய்வதே இல்லை. வியாபாரி அவசரப்படுகிறார், கொட்டகையில் அடுக்கிய அகல் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது. இத்தருணத்தில் மின்சூளையின் கதவைச் சிறிதே திறந்து வைத்து, 80, 90 டிகிரியில் இரவு முழுவதும் நிறுத்தி வைக்கக் கட்டுப்பாட்டுக் கருவியால் முடியும். ஆளும் விழித்திருக்க வேண்டியதில்லை. எரிவாயு பர்னரை இத்தனை தாழ்ந்த சுடரில் நிறுத்துவது கடினம். சுடர் காற்றுக்கு அணையும், பர்னருக்கு எதிரே உள்ள வரிசை சுட்டு வெடிக்கும், மூலையில் உள்ள வரிசை ஈரமாகவே இருக்கும்.

ஆயின் அதே பருவத்திலேயே புயலும் வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் இந்த மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அடுத்த 2012-ஆம் ஆண்டோ, புயலே இல்லாமல், தமிழ்நாடு முழுவதும் பல மணி நேர மின்வெட்டால் சிறுதொழில்களை வாட்டிய ஆண்டு. அந்த நாட்களின் நினைவே இன்னும் பலரை மின்சூளையிடம் நம்பிக்கை கொள்ளாமல் தடுக்கிறது. இப்போது நிலைமை மாறியிருந்தாலும், நடுவழியில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். முதலாவது, கதவைத் திறக்கக் கூடாது. ஆவலினால் திறந்து பார்ப்பவரே சரக்கை உடைக்கிறார். நல்ல காப்புச் செங்கல்லும் செராமிக் ஃபைபரும் உள்ள சூளை மெதுவாகவே ஆறும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து ஏற்றலாம். பிஸ்க் என்னும் முதல் வேக்காட்டில் இதனால் கேடு வருவது அபூர்வம். கிளேஸ் உருகும் தறுவாயில் நின்றால் மெருகு கெடலாமெனினும், அநேகமாக மறுபடி ஏற்றி மீட்டுவிடலாம். ஜெனரேட்டர் வைத்துச் சூளை எரிப்பது கட்டுப்படியாகாது. அதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

எரிவாயுச் சூளை

எரிவாயுச் சூளையை நாடுகிறவர் முதலில் ஒரு பிரமையை நீக்கிக்கொள்ள வேண்டும். வாயு வைத்துவிட்டால் மின்வெட்டைப் பற்றிக் கவலையில்லை என்பது எல்லாச் சூளைக்கும் பொருந்தாது. காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் வென்சூரி பர்னருக்கு அது பொருந்தும். ஊதுவிசிறியால் காற்று ஊட்டும் பர்னர், மின்சாரம் நின்ற கணமே காற்றிழந்து திணறும். அப்படிப்பட்ட பர்னருக்கு, விசிறி நின்றதும் வாயுவையும் தானாகவே அடைக்கும் வால்வு இல்லையென்றால் அதை வாங்கவே கூடாது.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகி வெளிவரும்போது தன் உடலிலிருந்தே உஷ்ணத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே சிலிண்டரிலிருந்து அதிக வாயுவை விடாமல் இழுத்தால், விருத்தாசலத்து வெயிலிலும் அதன் அடிப்பாகத்தில் பனி பூத்து, அழுத்தம் தாழ்ந்து, சுடர் சோர்ந்துவிடும். சித்திரை வெயிலில் சிலிண்டர் உறைகிறதென்று புதியவர்கள் அதிசயிப்பார்கள். அதன்மேல் கொதிநீர் ஊற்றுவதோ, கீழே நெருப்புக் காட்டுவதோ மகா அபாயம். பல சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைத்து ஒவ்வொன்றிலிருந்தும் சிறிது சிறிதாக எடுப்பதே சரியான வழி. இங்கே சட்டம் குறுக்கிடுகிறது: ஒரே நேரத்தில் 100 கிலோவுக்கு மேற்பட்ட எரிவாயுவைச் சேமித்து வைக்க வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் உரிமம் வேண்டும். தொழிலுக்குரிய 19 கிலோ சிலிண்டர்கள் ஐந்து வைத்தால் 95 கிலோ. ஆறாவது வந்தால் எல்லை தாண்டிவிடும். வீட்டுச் சமையலுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரைச் சூளையில் மாட்டுவது குற்றம் என்பதைத் தனியே எழுதவேண்டியிருப்பது வருந்தத்தக்கது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தவழ்ந்து, சாக்கடையிலும் மண் ஊறவைக்கும் தொட்டியிலும் பள்ளத்திலும் போய்த் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகையால் சிலிண்டர்களைக் கொட்டகைக்கு வெளியே, நிழலில், நிமிர்த்திய நிலையில், பள்ளமும் வடிகாலும் இல்லாத இடத்தில் வைத்து, சூளை நிற்கும் அறையின் சுவரில் தரையை ஒட்டியே காற்றுத் துளைகள் விட வேண்டும். கூரையில் வைக்கும் புகைபோக்கி இதற்குப் பிரயோஜனப்படாது. இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் சோதிப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பற்றவைக்கும்போது சுடர் முன்னே, வாயு பின்னே என்ற வரிசை மாறக் கூடாது. சூளை நன்கு சிவந்திராத வேளையில் பர்னர் அணைந்துவிட்டால், வால்வை மூடி, கதவையும், புகைவழியை அடைக்கும் தகடாகிய டேம்பரையும் திறந்து, உள்ளே தேங்கிய வாயு முழுவதும் வெளியேறிய பின்னரே மறுபடி பற்றவைக்க வேண்டும். உடனே தீ காட்டினால் கதவு பறக்கும். ரிடக்‌ஷன் செய்யும் மணி நேரங்களில் சூளை வெளியிடும் கார்பன் மானாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற விஷம். அந்நேரத்தில் மூடிய கொட்டகையில் ஒருவரையும் தூங்கவிடக் கூடாது.

இத்தனை எச்சரிக்கைகளையும் வரிசையாகச் சொன்ன பிறகு, எரிவாயுவின் பெருமையையும் சொல்வது நியாயம். உயர்ந்த உஷ்ணத்துக்கு அது விரைவாக ஏறும். சூளையின் பருமனுக்கு அது அஞ்சாது. இரண்டு மூன்று கன மீட்டர் கொள்ளளவுள்ள சூளைக்கு மின்சாரமானால் பளு மிகுந்து, உயர் அழுத்த இணைப்பும் சொந்த டிரான்ஸ்ஃபார்மரும் வரை இழுத்துச் செல்லக்கூடும். எரிவாயுவுக்கு இன்னும் இரண்டு பர்னர் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூளைக்குள் உள்ள காற்றை நம் இஷ்டப்படி ஆளும் வல்லமையை அது தருகிறது. உயர்ந்த வெண்மை வேண்டும் பீங்கானுக்கு அந்த வல்லமைக்கு ஈடு இல்லை.

செலவுக் கணக்கு

ஒரு கிலோ எரிவாயுவில் ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி உஷ்ணம் அடங்கியிருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆகவே காகிதத்தின்மேல் ஒரு கிலோ வாயு 12.8 யூனிட்டுக்கு நிகர். சிலிண்டர் விற்பவர் காட்டும் கணக்கு இதுதான். உதாரணத்துக்காக வாயு கிலோ 90 ரூபாய் என்றும், மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோமானால், வாயுவிலிருந்து வரும் ஒரு யூனிட் உஷ்ணம் 7 ரூபாய்க்கே கிடைப்பதாகத் தோன்றும். வாயு மலிவு என்று தீர்ப்பாகிவிடும்.

இந்தக் கணக்கில் புகைபோக்கி மறைந்துவிட்டது. எரிந்த வாயு சூளையை விட்டு வெளியேறும்போது சூளையின் உஷ்ணத்தோடேயே வெளியேறுகிறது. உள்ளே 1,200 டிகிரி இருந்தால் புகையும் 1,200 டிகிரியில்தான் போகிறது. அந்த நிலையில் எரிபொருளின் உஷ்ணத்தில் பாதிக்கு மேல் ஆகாயத்துக்குப் போய்விடும். காற்றை வேண்டியதற்கு மேல் விட்டால் நஷ்டம் இன்னும் கூடும். மின்சூளைக்குப் புகைபோக்கி இல்லை. சுவர் வழியாகக் கசிவது மட்டுமே நஷ்டம், அது இரண்டு சூளைக்கும் பொது. ஆகவே சிறு சூளையில் ஒரு கிலோ வாயு உண்மையில் ஆறேழு யூனிட் மின்சாரத்தின் வேலையையே செய்கிறது. மேலே வைத்துக்கொண்ட அதே விலைகளில், வாயுவின் யூனிட் 13 முதல் 15 ரூபாய் வரை ஆகிவிடுகிறது. மின்சாரத்தோடு மாதாந்திர நிலைக்கட்டணத்தையும், தேயும் சுருளுக்கென்று ஒதுக்க வேண்டிய தொகையையும் கூட்டிய பின்னும், சிறு சூளையில் மின்சாரமே மலிவாக முடியும். வாசகர் தம் ஊரில் அன்றைய விலைகளைப் போட்டு, வாயுக் கிலோவின் விலையை ஆறால் வகுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

விலையின் ஸ்திரத்தன்மையும் யோசிக்கத்தக்கது. தொழில் சிலிண்டரின் விலை மாதந்தோறும் முதல் தேதியில், உலகச் சந்தையை ஒட்டி மாறுகிறது. மின்கட்டணம் ஒழுங்காணையத்தின் ஆணைப்படியே மாறும்; ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் மாறுவது அபூர்வம். குஜராத்தின் மோர்பியில் நூற்றுக்கணக்கான ஓட்டுத் தொழிற்சாலைகள், நிலக்கரி வாயுக்கலன்களுக்குப் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் தடை விதித்தபோது குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2022-இல் அதன் விலை ஏறியதும் அவற்றுள் பல புரொப்பேனுக்குத் தாவின. பெரிய தொட்டியும், லாரிக் கணக்கில் கொள்முதலும், இரண்டு வாயுவுக்கும் ஏற்ற பர்னரும் உடையவர்களுக்கு அது சாத்தியம். ஐந்து சிலிண்டர் வைத்திருப்பவர் தாவ முடியாது. கார்த்திகைக்கு முன்பணம் வாங்கி விலை பேசி முடித்தபின் சிலிண்டர் விலை ஏறினால், ஏற்றம் முழுவதும் அவர் தலையில்தான் விடியும்.

எந்தச் சூளையானாலும் அளந்து பார்க்கும் வழக்கம் வேண்டும். மின்சூளைக்கென்று தனியே ஓர் உள்மீட்டர் மாட்டி, ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். சிலிண்டர்களை வேக்காட்டுக்கு முன்னும் பின்னும் தராசில் நிறுக்கலாம். வெந்த சரக்கில் தேறியவற்றை மாத்திரம் எண்ணி, அந்த எண்ணால் செலவை வகுக்க வேண்டும். உடைந்ததும் கறுத்ததும் கணக்கில் சேர்ந்தால் எந்த எரிபொருளும் மலிவாகத்தான் தோன்றும். உஷ்ணத்தை அளக்கும் தெர்மோகப்பிள் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், அடுக்கின் மேலும் நடுவிலும் கீழும் கோன் வைப்பது நல்லது. ஜெர்மானியரான ஹெர்மன் ஸேகர் 1886-இல் ஏற்படுத்திய இந்தச் சிறு கூம்புகள், உஷ்ணத்தின் உச்சத்தை மட்டுமல்லாமல் அந்த உஷ்ணம் எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதையும் சேர்த்தே காட்டுகின்றன. எரிவாயுச் சூளையில் மேலடுக்குக் கோன் சாய்ந்து, கீழடுக்குக் கோன் நிமிர்ந்தே நின்றால், குறை எரிபொருளில் அல்ல, அடுக்கியதிலும் டேம்பரிலும் என்பதை அறியலாம்.

என் அபிப்பிராயம் இது. அகல், பொம்மை, கோப்பை முதலிய வர்ண மெருகுச் சரக்கைச் செய்யப் போகிறவர், இரண்டு ஆட்களோடு தொடங்குகிறவர், ஊருக்குள் நெருக்கமான இடத்தில் கொட்டகை போடுகிறவர், இவர்களுக்கு 12 கிலோவாட்டுக்குள் அடங்கும் மின்சூளையே உகந்தது. எரிவாயுவை அவர்கள் எண்ணவே வேண்டாம். உயர்ந்த வெண்மை வேண்டும் பீங்கானும் ரிடக்‌ஷன் மெருகும் செய்கிறவருக்கும், மின்சூளை தாங்காத அளவு சரக்குக்கு நிலையான ஆர்டர் கையில் உள்ளவருக்கும் எரிவாயு. அவர்களும் பிஸ்க் வேக்காட்டுக்கும் மழைக்கால உலர்த்தலுக்கும் பக்கத்தில் ஒரு சிறு மின்சூளை வைத்துக்கொள்வது நன்று. எதை வாங்குவதானாலும், உங்கள் மண்ணில் உங்கள் கிளேஸ் பூசிய பத்து மாதிரிகளைத் தெரிந்தவர் ஒருவருடைய மின்சூளையிலும் மற்றொருவருடைய எரிவாயுச் சூளையிலும் வைத்து எடுத்து, இரண்டையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வரையில் சூளை செய்பவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.